மாட்டுக்குப் போட்ட ஊசி எங்கே போய்ச் சேர வேண்டும்?

கேள்வி: ஐயா, சத்தியமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் 14 கறவை மாடுகளும் 20 ஆடுகளும் வைத்திருக்கிறேன். மருத்துவரோ, சினை ஊசி போடுபவரோ வந்து போனால் சிரிஞ்ச், ஊசி, மருந்து பாட்டில் எல்லாம் கொட்டகையிலேயே கிடக்கும். அவசரத்துக்கு நாங்களே சத்து ஊசி, காய்ச்சல் ஊசி போடுவதும் உண்டு. எல்லாவற்றையும் இதுவரை எருக்குழியில்தான் போட்டு வந்தோம். போன மாதம் எரு இறைக்கும்போது வேலைக்கு வந்த அம்மாவின் காலில் ஊசி ஏறிவிட்டது. ஊசிகளை எரித்துவிடலாமா, புதைக்கலாமா, ஊராட்சிக் குப்பை வண்டியில் கொடுக்கலாமா? அந்த அம்மாவுக்கு இனி ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: அந்த அம்மாவிலிருந்தே தொடங்குகிறேன். ஊசி ஏறிய அன்றே டி.டி. ஊசி போட்டிருக்க வேண்டும். போடவில்லையென்றால் ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வந்துவிடுமோ என்று வீட்டில் பயந்திருப்பார்கள். எச்.ஐ.வி.யும், ஊசி வழியாகப் பரவும் பி வகை, சி வகைக் காமாலைக் கிருமிகளும் மாட்டின் ரத்தத்தில் இருப்பதில்லை. ஆனால் உங்கள் வீட்டில் யாராவது சர்க்கரைக்கு இன்சுலின் போட்டு, அந்த ஊசியையும் அதே எருக்குழியில் போட்டிருந்தால் நிலைமை வேறு. அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மாட்டு ஊசியில் நான் அஞ்சுவது, மாடு மாதம் நிறையாமல் கன்றை வீசிவிடச் செய்யும் கன்று வீச்சு நோயை, அதாவது புரூசெல்லோசிஸை. அது மனிதருக்கும் தொற்றும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், இரவில் வியர்த்துக் கொட்டுவது, மூட்டுவலி, இடுப்புவலி, காரணம் தெரியாத அசதி ஆகியவை அதன் அடையாளங்கள். பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் தலைகாட்டும். சிலருக்கு ஆறு மாதம் வரைகூட ஆகும். ஊர்ப்பக்கம் இந்தக் காய்ச்சலை டைபாய்டு என்று நினைத்து வைத்தியம் பார்ப்பது நடக்கிற காரியம். ஆகவே அந்த அம்மாவுக்கு அடுத்த சில மாதங்களில் அப்படிக் காய்ச்சல் வந்தால், 'மாட்டு வேலை செய்கிறேன், மாட்டுக்குப் போட்ட ஊசி காலில் ஏறியது, புரூசெல்லா ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்' என்று அவரே டாக்டரிடம் சொல்லும்படி பழக்கிவிடுங்கள்.

அடுத்தது அந்த எருக்குழி. அதில் இன்னும் ஊசி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'காந்தத்தை விட்டுத் துழாவி எடுத்துவிடலாம்' என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஊசிக் குழல் துருப்பிடிக்காத ஸ்டீலில் செய்தது, அந்த வகை ஸ்டீல் காந்தத்தில் சரியாக ஒட்டாது. துருப்பிடிக்காது என்பதால் மண்ணில் பல வருடம் கூர் மழுங்காமல் கிடக்கும். சாணியும் தீவனக் கழிவும் மட்கும், ஊசி மட்காது. எருவோடு வயலுக்குப் போய், அங்கிருந்து சோளத்தட்டோடோ புல்லோடோ திரும்பவும் தீவனத் தொட்டிக்கே வரும். மாடு தீவனத்தை நாக்கால் வளைத்து அப்படியே விழுங்கும் பிராணி, கம்பியோ ஊசியோ உள்ளே இருந்தால் துப்பத் தெரியாது. விழுங்கியது இரண்டாவது வயிற்றில் தங்கி, அதன் சுவரைக் குத்தி, உதரவிதானத்தைக் கடந்து இதய உறை வரை போகும். கம்பி விழுங்கிய மாடு முதுகைக் கூனிக்கொண்டு, பால் வற்றி, தாடையும் கழுத்தடியும் வீங்கிச் சாவதைப் பார்த்திருப்பீர்கள். பாதுகாப்புக்கு வயிற்றுக்குள் காந்தம் போட்டிருந்தாலும் இந்த ஊசியைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

குழியில் வெறுங்கையும் வெறுங்காலும் கூடாது. தடித்த அடிப்பாகமுள்ள கம்பூட்ஸ், நீளக் கைப்பிடி மண்வெட்டி வேண்டும். நீங்கள் வழக்கமாகக் குப்பை வீசும் ஓரத்தில் உள்ள எருவைத் தனியாகத் தார்ப்பாயில் பரப்பிக் காயவிடுங்கள். 5 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிச் சல்லடையில் சலித்தால் பிளாஸ்டிக் அடிப்பாகத்தோடு இருக்கும் ஊசிகள் மேலே நின்றுவிடும். அவற்றை இடுக்கியால் எடுங்கள். அடிப்பாகம் உடைந்து வெறும் குழலாக இருப்பது சல்லடையில் நழுவிவிடும். ஆகவே சலித்த எருவையும் தீவனப்புல், கீரை, காய்கறி நிலத்துக்குப் போடாமல் தென்னைக்கு வட்டக்குழி எடுத்து, எருவைப் போட்டு, மண் மூடிவிடுங்கள். வேலை அதிகம்தான், ஆனால் இந்த ஒரு முறையோடு முடிந்துவிடும்.

இனி வரும் ஊசிகளுக்கு ஒரு பெட்டி வேண்டும். கடையில் வாங்க வேண்டியதில்லை. மாட்டுக்குக் கால்சியம் டானிக் வாங்கிய 5 லிட்டர் வெள்ளைக் கேன் உங்கள் கொட்டகையில் நிச்சயம் காலியாகக் கிடக்கும். திருகு மூடியும் தடித்த சுவரும் உள்ள அதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிராமத்தில் கிடைக்காது. கழுவி, கவிழ்த்து, நன்றாகக் காயவைத்து, அழியாத மையில் 'மாட்டு ஊசி – ஆபத்து – திறக்கக் கூடாது' என்று இரண்டு பக்கமும் எழுதுங்கள். தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் உதவாது. மாட்டுக்குப் போடும் 16, 18 நம்பர் ஊசி தடித்தது, பாட்டிலை யாராவது மிதித்தால் குத்திக்கொண்டு வெளியே வரும். பாலிதீன் பை பற்றிச் சொல்லவே வேண்டாம். அட்டைப்பெட்டி கொட்டகை ஈரத்தில் ஊறிப் பிய்ந்துவிடும்.

கேனை எங்கே வைப்பது என்பதை எல்லாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். விபத்து நடப்பது அங்கேதான். மாட்டின் தோலிலிருந்து ஊசியை உருவியதற்கும் அது பெட்டிக்குள் விழுவதற்கும் இடைப்பட்ட சில நொடிகளில்தான் கை குத்துப்படுகிறது. மாடு உதைக்கும், தலையை வீசும், கயிறு பிடித்தவர் நழுவுவார். அந்த நேரத்தில் ஊசியை ஜன்னல் விளிம்பிலோ, கூரை ஓலையிலோ, தீவனத் தொட்டியின் ஓரத்திலோ செருகி வைப்பார்கள், பிறகு மறப்பார்கள். மாட்டைப் பிடித்துக் கட்டும்போதே கேனை மூடி திறந்து, ஊசி போடுபவரின் கை எட்டும் தூரத்தில், மாட்டின் கால் எட்டாத இடத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் மூடியைத் திருகி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் ஆணியடித்து மாட்டிவிடுங்கள்.

உருவிய ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது. ஒரு கையில் சிரிஞ்ச், மறு கையில் மூடி என்று பொருத்தும்போதுதான் இடது கை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் குத்துப்படுகின்றன. மூடியைப் பல்லால் கடித்து இழுக்கும் பழக்கம் நம் தொழிலில் பலருக்கு உண்டு, அது அதைவிட மோசம். ஊசியைக் கழற்றாமல் சிரிஞ்சோடு அப்படியே கேனுக்குள் போடுங்கள். 20 மில்லி சிரிஞ்ச் இடத்தை அடைக்கிறது, ஊசியை மட்டும் போட வேண்டும் என்றால் இடுக்கியால் அடிப்பாகத்தைப் பிடித்துத் திருகிக் கழற்றலாம், விரலால் வேண்டாம். ஊசியின் அடிப்பாகத்தோடு வெட்டித் தள்ளும் கைக்கருவி மருத்துவமனைப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. அடிக்கடி ஊசி போடும் பண்ணைக்கு அது நல்ல செலவு. கேன் முக்கால் பாகம் நிறைந்ததும் நிறுத்திவிடுங்கள். நிறைந்த கேனில் இன்னும் ஒன்றை அமுக்கித் திணிக்கும்போது உள்ளிருப்பது மேலே கிளம்பிக் குத்தும்.

'கொதிக்க வைத்துத் திரும்பப் பயன்படுத்துகிறோம்' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருமுறை போடும் ஊசியின் முனை தடித்த மாட்டுத் தோலில் ஒரு முறை போனதுமே மழுங்கவும் வளையவும் தொடங்கும். ஒரே ஊசியைப் பத்து மாட்டுக்கு ஓட்டினால் அனாபிளாஸ்மா, டிரிபனோசோமா போன்ற ரத்தக் கிருமிகளையும் நீங்களே மாட்டுக்கு மாடு கொண்டுபோகிறீர்கள். தோல் கழலை நோய் பரவும் நாட்களில் ஒரு ஊசியைப் பல மாட்டுக்குப் போடுவது நோயைக் கையால் விதைப்பதற்குச் சமம்.

கேன் நிறைந்த பிறகு எங்கே போகும்? உங்கள் ஊருக்குரிய அரசு கால்நடை மருந்தகத்துக்குத்தான் போக வேண்டும். 2016 மார்ச்சில் வந்த மத்திய அரசின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் மனித மருத்துவமனைகளைப் போலவே கால்நடை மருத்துவமனைகளையும் சிகிச்சையகங்களையும் கட்டுப்படுத்துகின்றன. ஊசி, பிளேடு போன்ற கூரானவை வெள்ளைக் கலனில், ஊசி நீக்கிய சிரிஞ்சும் டிரிப் குழாயும் கையுறையும் சிவப்பில், கண்ணாடிப் புட்டியும் ஆம்பியூலும் நீலத்தில், திசுக்களும் ரத்தம் தோய்ந்த பஞ்சும் காலாவதி மருந்தும் மஞ்சளில் என்று பிரித்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஊசிகளை நீராவி அழுத்தத்திலோ உலர் வெப்பத்திலோ கிருமி நீக்கி, நொறுக்கி, இரும்பு உருக்கு ஆலைக்கு அனுப்புவார்கள், அல்லது கான்கிரீட்டில் அடைப்பார்கள். தனியாகத் தொழில் செய்யும் கால்நடை மருத்துவரின் கிளினிக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற வேண்டும். படுக்கை வசதி இல்லாத இடங்களுக்கு அது ஒரே முறை பெறுவதுதான்.

ஆகவே உங்கள் கொட்டகையில் மருத்துவரோ, தடுப்பூசி போட வந்தவரோ பயன்படுத்திய ஊசி அவருடைய பொறுப்பு. வேலை முடிந்ததும் 'ஐயா, ஊசியையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள்' என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கூச்சமாக இருந்தால் கேனை முன்னால் நீட்டுங்கள், அவருக்கே புரியும். நீங்களே போட்ட ஊசிக்கு மருந்தகத்தில் முன்கூட்டியே பேசி, நிறைந்த கேனை எந்த நாளில் வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்டு வையுங்கள். பண்ணை வீட்டுக்குத் தேடி வந்து எடுக்கும் வண்டி கிடையாது. நீங்கள்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

ஊராட்சிக் குப்பை வண்டியில் தயவுசெய்து போடாதீர்கள். குப்பையைக் கையால் பிரிக்கும் தூய்மைக் காவலர்கள் பெரும்பாலும் பெண்கள், பலருக்குத் தடித்த கையுறைகூட இருக்காது. உங்கள் வயலில் நடந்தது அவர்கள் கையில் நடக்கும். பயன்படுத்திய ஊசியையும் காலாவதி மருந்தையும் சாதாரணக் குப்பையாகவே 2016-ன் திடக்கழிவு விதிகள் கருதவில்லை. வீட்டு அபாயக் கழிவு என்று தனியாக வைத்துத் தனியாகக் கொடுக்கச் சொன்னார்கள்.

எரிப்பதும் வேண்டாம். கொட்டகை ஓரத்தில் மூட்டும் தீயில் சிரிஞ்ச் உருகி ஒழுகும், ஊசி அப்படியே சாம்பலில் நிற்கும். அந்தச் சாம்பலும் எருக்குழிக்குத்தான் போகும். டிரிப் குழாயில் பெரும்பாலும் பி.வி.சி. இருக்கும், அதைத் திறந்த தீயில் எரித்தால் அமில வாயுவும் டையாக்சினும் கிளம்பும். மூடிய மருந்து புட்டி சூட்டில் வெடித்துக் கண்ணாடி தெறிக்கும்.

புதைப்பது பற்றி: வெறும் ஊசியை மண்ணில் புதைப்பது புதைப்பதே அல்ல, அடுத்த உழவில் மேலே வரும். மருந்தகம் எட்டாத தூரம், வேறு வழியே இல்லை என்றால் மட்டும் சிமெண்ட் முறை இருக்கிறது. முக்கால் நிறைந்த கேனைச் சமதரையில் நிறுத்தி, சிமெண்டும் சலித்த மணலும் சம அளவில் எடுத்து, தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, மெல்ல ஊற்றுங்கள். கெட்டியாகக் கரைத்தால் மேலேயே நின்றுவிடும், அடியில் ஊசிகளுக்கு இடையே போகாது. ஊற்ற ஊற்றக் கேனின் பக்கத்தைத் தட்டினால் காற்று வெளியேறி இறங்கும். மூடியைத் திருகி இரண்டு நாள் அசைக்காமல் விடுங்கள். கல்லாக இறுகியதைக் கிணற்றுக்கும் ஆழ்துளைக் குழாய்க்கும் தள்ளி, மழைத்தண்ணீர் தேங்காத மேட்டில், கலப்பை எட்டாதபடி ஒரு மீட்டருக்குக் கீழே வைத்து மூடி, இடத்தை அடையாளம் செய்யுங்கள். சுத்திகரிப்பு நிலையம் செய்யும் வேலைக்கு இது ஈடு அல்ல. கண்ட இடத்தில் வீசுவதைவிட எவ்வளவோ மேல், அவ்வளவுதான்.

பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுக் குப்பையில் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஊறவைத்தால் வெளியே இருக்கும் கிருமி சாகும். குழலுக்குள் உறைந்த ரத்தத்துக்குள் மருந்து சரியாகப் போகாது, கூர் அப்படியே இருக்கும். பிளீச்சிங் தண்ணீர் வேறு இடங்களுக்குத் தேவைப்படும். ரத்தம் சிந்திய தரை, கன்று வீசிய இடம், மீந்த தடுப்பூசிப் புட்டி இவற்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் நல்ல பவுடர் கரைத்தால் ஏறக்குறைய 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அன்றன்று கரைக்க வேண்டும். திறந்து கிடந்து வாசனை போன பவுடர் வீண். கழிவறை கழுவும் ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள், கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சை அடைக்கும்.

பாட்டில்களில் எல்லாம் ஒரே அளவு ஆபத்தில்லை. கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதில் ஒரே முறை போடும் கன்று வீச்சுத் தடுப்பூசியில் உயிருள்ள புரூசெல்லா கிருமி இருக்கிறது. கன்றுக்கு அது காப்பு, மனிதர் உடம்பில் ஏறினால் நோய். அந்த ஊசி கையில் குத்தினாலும், மருந்து கண்ணில் தெறித்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்னெச்சரிக்கையாக மூன்று வாரம் வரை மாத்திரை கொடுப்பார்கள். மீந்த புட்டியைப் போட வந்தவரே திரும்ப எடுத்துப்போக வேண்டும். விட்டுப்போய்விட்டால் கையுறை போட்டுக்கொண்டு, திறந்த புட்டியை மேலே சொன்ன கரைசலில் அரை மணி நேரம் முழுக வைத்து, பிறகு மற்றக் கண்ணாடிகளோடு சேர்த்துவிடுங்கள்.

மாட்டைப் பருவத்துக்கு வரவழைக்கப் போடும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி மருந்து தோல் வழியாகவே உள்ளே இறங்கும். கர்ப்பிணிகளுக்குக் கரு கலையலாம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு முட்டலாம். காலிப் புட்டியையும் அவர்கள் தொடக் கூடாது. கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கோமாரித் தடுப்பூசிகளில் எண்ணெய் கலந்தவை உண்டு. அது விரலில் ஏறினால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே எண்ணெய் பரவி ரத்த ஓட்டத்தை அடைத்து விரலே போகும் அளவுக்கு முற்றும். வலி குறைவாக இருக்கிறதே என்று காத்திருக்காமல், புட்டியையோ அட்டையையோ கையோடு எடுத்துக்கொண்டு, அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். எந்த ஊசி குத்தினாலும் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்பால் கழுவுங்கள். பிதுக்குவது, வாயால் உறிஞ்சுவது, சுண்ணாம்பு தடவுவது வேண்டாம்.

மீந்த ஆன்டிபயாடிக்கை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். உண்ணி மருந்து மீன்களுக்கு விஷம். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவை ஓட்டையிட்டு ஒதுக்குங்கள். சத்தியமங்கலம் பக்கம் இருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் வாழ்கின்றன. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்றால் கழுகு சிறுநீரகம் கெட்டுச் சாகும். அதனால்தான் கால்நடைகளுக்கு அதை 2006-லும், கீட்டோபுரோஃபெனையும் அசிக்ளோஃபெனாக்கையும் 2023-லும் தடை செய்தார்கள். பழைய புட்டி அலமாரியில் இருந்தால் போட வேண்டாம், மருந்தகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். வலி மருந்து போட்ட மாடு இறந்தால் காட்டோரம் இழுத்துப் போடாமல் புதையுங்கள்.

சினை ஊசி போட்டபின் கிடக்கும் நீளக் கையுறையும் உறைக்குழலும் மாட்டின் வாய்க்குப் போகும் பிளாஸ்டிக். கருப்பைக் கசிவு பட்டது என்பதால் அதுவும் கிருமிக் கழிவுதான். உள்பக்கம் வெளியே வரும்படி கழற்றி, தனிப் பையில் கட்டி, போட வந்தவரிடமே கொடுங்கள்.

கன்று ஈன்றபின் விழும் இளங்கொடியை வைக்கோல் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் உங்கள் பக்கமும் இருக்கும். நாய் எட்டக் கூடாது என்ற கவனம் அதில் இருக்கிறது. ஆனால் காக்கையும் கழுகும் கிழித்துக் கீழே போடும். மாதம் நிறையாமல் கன்று வீசிய மாட்டின் கொடியையும் கருவையும் எக்காரணம் கொண்டும் மரத்தில் கட்டாதீர்கள், வெறுங்கையால் தொடவும் வேண்டாம். கன்று வீச்சுக் கிருமி அதிகம் குவிந்திருப்பது அங்கேதான். 2 மீட்டர் ஆழக் குழியில் இட்டு, மேலே சுண்ணாம்பு கொட்டி, மண்ணை மிதித்து மூடி, நாய் தோண்டாதபடி முள்ளும் கல்லும் வையுங்கள். மருத்துவருக்குச் சொல்லி அந்த மாட்டின் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொருவரும் மருந்தகத்துக்கு அலைவது கடினம் என்றால் உங்கள் பால் சங்கத்தில் பேசிப் பாருங்கள். சங்கக் கட்டடத்தின் பூட்டிய ஓர் அறையில் கேன்களைச் சேர்த்து வைத்து, ஆவின் ஒன்றியத்தின் கால்நடை மருத்துவர் வரும் நாளிலோ, மருந்தகத்தோடு பேசிவைத்த நாளிலோ ஒட்டுமொத்தமாக ஒப்படைக்கலாம். கேனில் உங்கள் உறுப்பினர் எண், மூடிய தேதி இரண்டையும் எழுதி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் கொடுங்கள். பாலோடும் தீவனத்தோடும் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டாம்.